மாமாவின் எக்கோத் தொட்டி

எங்கள் தீவின் துறைமுகப் பகுதியான ஹேடோவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மாமா நான்கு குடும்பங்களின் தண்ணீரை நிறுத்திவைத்துவிட்டு இசைப்பதிவு செய்தார். மெயின்லேண்டில் இருக்கும் உறவினர்களிடம் இதைச் சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். அவர்களுக்கென்ன, குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும். எங்களுக்குக் கோடையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் மத்தியானத்தில், ஏதோ தயவு பண்ணுகிற மாதிரிதான் வரும்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. துறைமுகத்தில் ஒயர்மேன் வேலை. எங்கள் குவார்ட்டர்ஸின் முன்னறை அவருடையது. அந்த அறையில் பாதியை அடைத்துக்கொண்டு, வெளிநாட்டுக் கப்பல் மாலுமி ஒருவரிடமிருந்து வாங்கிய எலெக்ட்ரிக் ஆர்கன் நின்றது. சிந்தசைசர் என்ற சொல்லெல்லாம் அப்போது எங்கள் தீவுக்குக் கப்பல் ஏறவில்லை. அப்பா அதைக் ‘கரண்டு ஆர்மோனியம்’ என்பார். ஒரு பொத்தானை அழுத்தினால் வயலின், இன்னொன்றை அழுத்தினால் புல்லாங்குழல் என்று மாமா சொல்வார். எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்டன. ஆனாலும் அவர் வாசித்தால் அடுப்படியில் அம்மாவின் கை நின்றுவிடும். பிறகு, “போதும்டா, காது போவுது” என்று கத்துவாள்.

மதராஸ் கப்பலில் பயணிகளைக் கவனிக்கும் ஸ்டூவர்டாக இருந்த தமிழர் ஒருவர் பொங்கல் விழாவில் மாமாவின் வாசிப்பைக் கேட்டு மயங்கிப்போனார். அவருக்கு மதராஸில் ஒரு ரெக்கார்டு கம்பெனியில் ஆள் தெரியும். மாமா சொந்தமாகப் போட்ட மெட்டுகளை டேப்பில் பிடித்து எடுத்துப்போனவர், அடுத்த முறை பதிலோடு வந்தார். விரல் பிரமாதமாம். ஆனால் வீட்டுக்குள் உட்கார்ந்து வாசித்த மாதிரி இருக்கிறதாம். ரெக்கார்டு மாதிரி சத்தம் வந்தால் ஆளையே கூட்டி வரச் சொன்னார்களாம், வேலை நிச்சயமாம்.

அன்றிலிருந்து மாமாவுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. வீட்டுக்குள் இருந்து வாசித்தது வீட்டுக்குள் இருந்து வாசித்த மாதிரி கேட்காமல் வேறெப்படிக் கேட்கும் என்று அப்பா கேட்டார். மாமா அதைப் பொருட்படுத்தவில்லை. எங்கள் மெத்தைகளையும் போர்வைகளையும் சுவரெங்கும் தொங்கவிட்டார். துறைமுக வார்ஃபின் கிரேன் சத்தம் குறைந்தது, ஆனால் பாட்டும் சேர்ந்து செத்துப்போனது. அரிசி போட்ட பிஸ்கட் டின்னைக் குலுக்கித் தாளத்தை முதலில் பதிந்து, அதை ஓடவிட்டு மேலே வாசித்து, இரவல் வாங்கிய இன்னொரு டேப்ரெக்கார்டரில் பிடித்தார். அதில் பாட்டைவிட இரைச்சல் அதிகம்.

கடைசியில் குவார்ட்டர்ஸின் பின்னால் நான்கு வீட்டுக்கும் பொதுவாக இருந்த சிமென்ட் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையைவிட்டு “ஓ” என்று கூவிப்பார்த்தார். வெளியே வந்தபோது அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

“அக்கா, ரூமுல வாசிச்சா சத்தம் செவுத்துல முட்டி உடனே செத்துருது. தொட்டிக்குள்ள அது கொஞ்ச நேரம் உசுரோட சுத்துதுக்கா!”

ஆர்கனின் ஸ்பீக்கரைத் தொட்டிக்குள் ஒரு மூலையில் வைப்பது, மறு மூலையில் மைக்கைத் தொங்கவிடுவது, முன்னறையில் உட்கார்ந்து வாசிப்பது என்பது திட்டம். அரைத் தொட்டித் தண்ணீருக்கு மேல் பலகை போட்டு இரண்டு வரி வாசித்துப் பார்த்தார். டேப்பைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சிலோன் ரேடியோவில் வருகிற மாதிரியே இருந்தது. முழுத் தொட்டியும் காலியானால் இன்னும் கம்பீரமாக வரும் என்றார்.

கப்பல் திங்கட்கிழமை கிளம்புகிறது. கிரேன் ஓயும் ஞாயிறு மத்தியானத்தில்தான் பதிய முடியும். அதுவோ தண்ணீர் வரும் முறை. நான்கு வீட்டுக்காரர்களும் அந்த ஒரு முறையை விட்டுக்கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டு வங்காளி மாசி, “பானி நஹீ, குளியல் நஹீ, வெறும் மியூசிக்!” என்று தலையில் அடித்துக்கொண்டு, “டீக் ஹை, பஜாவ், வாசி, வாசி” என்று சம்மதித்தார். எல்லார் வீட்டு ஃப்யூஸையும் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்து போட்டுக்கொடுத்தவர் மாமா, யாருக்கு மறுக்க மனம் வரும்? அம்மா மட்டும் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வைத்தாள்.

மாமா தொட்டியைத் துடைத்தார், ஸ்பீக்கரை இறக்கினார். பின்புறம் போய்த் தொட்டிக்குத் தண்ணீர் வரும் வால்வை இரண்டு கையாலும் இறுக்கி மூடினார். நான் கூடவே போய்ப் பார்த்தேன். அதற்குமேல் அது ஒரு மயிரிழைகூடத் திரும்பாது.

வாசிப்பு ஆரம்பித்தது. அக்கம்பக்கத்தாரோடு நானும் அப்பாவும் வாசலில் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தோம். வங்காளி மாசி குழந்தையின் வாயைப் பொத்திப் பிடித்திருந்தார். இரண்டாவது மெட்டின் நடுவில் தொட்டிக்குள்ளிருந்து சோவென்று ஒரு சத்தம். அதன்பின் ஸ்பீக்கர் கொரகொரவென்று அலறிவிட்டு ஓய்ந்தது. வீட்டில் கரண்டும் போனது.

ஓடிப்போய்ப் பார்த்தால் தொட்டிக்குள் தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருந்தது, ஸ்பீக்கர் பாதி முழுகியிருந்தது. ஆளாளுக்குக் கத்தினார்கள். தண்ணீர் திறந்துவிடும் லைன்மேன் செய்த வேலையாக இருக்கும் என்றார் அப்பா. அம்மா வலது உள்ளங்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றாள். முந்தானையில் செம்பழுப்பாக ஒரு கறை. குங்குமம் என்று நினைத்தேன். வால்வின் துருவும் அதே நிறம்தான் என்பது அப்போது தோன்றவில்லை. மாமா அந்தக் கையை ஒரு கணம் பார்த்தார்.

“நாந்தான் வால்வை சரியா மூடல” என்றார் எல்லாரிடமும்.

“இல்ல மாமா, நீங்க இறுக்கி மூடுனீங்க, நான் பாத்தேன்!” என்று நான் கத்தினேன். என் மாமாவின் மேல் பழி விழ விடுவேனா?

“ஒனக்கு என்ன தெரியும், சும்மா இரு” என்று என் தலையில் குட்டினார். வலித்தது. அவர் என்னைக் குட்டியது அந்த ஒரு தடவைதான்.

கப்பல் டேப் இல்லாமல் போனது.

அம்மா கல்யாணமாகி அலையில் ஆடிய கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டே அந்தத் தீவுக்கு வந்தவள். அவளுடைய பெற்றோர் அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார்கள். தம்பியைச் சோறூட்டி வளர்த்து, தன்னோடு கூட்டிவந்து, வேலையும் வாங்கிக்கொடுத்திருந்தாள். கடலுக்கு நடுவில் அவளுக்குப் பிறந்த வீடு என்று இருந்தது அந்த முன்னறை மட்டும்தான். இதை யோசித்துப் பார்க்க எனக்கும் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகவேண்டியிருந்தது.

மாமா வேறு ஸ்பீக்கர் மாட்டினார். மறுபடி தொட்டி காலியானபோது, இந்தத் தடவை யாரும் கேட்காமலே அம்மா எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லி ஒரு முறைத் தண்ணீரை நிறுத்திவைத்தாள். மாமா முழுவதும் வாசித்து முடித்தார். டேப்பை ஓடவிட்டபோது அம்மா ஈரக்கையோடு வந்து கதவோரம் நின்று கடைசிவரை கேட்டாள்.

“நல்லாத்தானடா இருக்கு. அனுப்பிவிடேன்” என்றாள்.

“இல்லக்கா. இன்னும் சத்தம் சரியா வரல.”

ஸ்டூவர்ட் ஒவ்வொரு கப்பலிலும் வந்து கேட்டார். மாமா ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொன்னார். நானும் டேப்ரெக்கார்டரில் காதை ஒட்டிவைத்து, எங்கே சரியாக வரவில்லை என்று தேடித் தேடிக் கேட்பேன். எல்லாம் ரெக்கார்டு மாதிரியே இருந்தது. எனக்குத்தான் சங்கீத ஞானம் போதவில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.