அமுக்கினா உள்ளே போயிடும்

என் வீட்டுக்காரருக்கு வலது தொடையிடுக்கில் குடலிறக்கம். எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துக்கொண்டு வரும். மல்லாந்து படுத்து அமுக்கினால் உள்ளே போய்விடும். "ஆபரேஷன் பண்ணிக்கோங்கோ" என்று தொண்டை வறளக் கத்துவேன். "உத்சவம் முடியட்டும்டி" என்பார். மயிலாப்பூரில் என்றைக்கு உத்சவம் முடிந்திருக்கிறது?

வங்கியில் உத்தியோகம். ஆனால் பங்குனி வந்தால் லீவு போட்டுவிட்டு சாமி பல்லக்குத் தூக்கப் போய்விடுவார். பல்லக்குக் கொம்பைத் தோளில் ஏற்றுமுன் புடைப்பை உள்ளே தள்ளி, வேட்டிமேல் துண்டை வரிந்து கட்டிக்கொள்வார். அந்தக் கட்டுதான் வைத்தியம் என்று எண்ணம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம், காலைப் புறப்பாடு முடிந்ததும், கூடத் தூக்கும் மூன்று பேர் அவரைக் கைத்தாங்கலாக மந்தைவெளி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். புடைப்பு சிவந்து கல்லாட்டம் இருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. அப்போதும் படுத்துக்கொண்டு அமுக்குகிறார் மனுஷர்! "இதோ போயிடும்" என்று பல்லைக் கடித்தார். போகவில்லை. கையைத் தட்டிவிட்டு ஆட்டோவில் ஏற்றினேன். மூன்று பேரும் பின்னாலேயே வந்தார்கள்.

டாக்டரம்மா தொட்டுப் பார்த்ததுமே முகம் மாறினார். "குடல் மாட்டிக்கிட்டிருக்கும்மா. ரத்த ஓட்டம் நின்னா அழுகிடும். உடனே திறக்கணும்."

மத்தியானம் ஆபரேஷன் தியேட்டர் கதவு திறந்தது. டாக்டரம்மா கையில் ட்ரே. எடுத்ததைக் காட்டாமல் நம் ஊரில் விடமாட்டார்களே! சுண்டுவிரல் நீளத்துக்கு ஏதோ ஒன்று வீங்கிச் சிவந்து கிடந்தது.

"குடல் இல்லம்மா, அப்பெண்டிக்ஸ். கீழே இறங்கின பைக்குள்ள வந்து மாட்டி, சீழ் பிடிச்சிருக்கு. என் சர்வீஸ்ல பார்த்ததே இல்லை. அதை எடுத்துட்டு, ஓட்டையையும் தச்சாச்சு. பிழைச்சுக்குவார்."

வயிற்றுக்குள் இருக்கவேண்டியது தொடையிடுக்கில் வந்து உட்காருமா? ஈஸ்வரா!

"காலையில யாராவது அமுக்கினீங்களா?"

"அவரேதான்."

"இன்னும் ரெண்டு தடவை அமுக்கியிருந்தா வெடிச்சு, வயிறு பூரா சீழ் பரவியிருக்கும். ஆளே மிஞ்சியிருக்க மாட்டார். யாரு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தது?"

பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். மூன்று பேரும் தலை குனிந்திருந்தார்கள். முன்கொம்பு பிடிக்கிற பெரியவர் மெதுவாக எழுந்தார்.

"நாங்க எல்லாருமே அப்படித்தான் பண்ணிண்டு தூக்கறோம், டாக்டர். எனக்கு ரெண்டு பக்கமும் இருக்கு." கொஞ்சம் தயங்கினார். "சாயங்காலம் புறப்பாடு இருக்கே. தூக்கலாமோல்லியோ?"

காலையில் வரிந்து கட்டிய துண்டு இன்னமும் பெரியவர் இடுப்பிலேயே இருந்தது.