களக்காட்டுக்குப் பூசிய பச்சை

நான் போகவில்லை. களக்காட்டு மின்கம்பிகளை நான் பார்க்கவே இல்லை! பார்த்ததாக எழுதினேன். வரைபடத்தில் அந்த இடத்துக்குப் பச்சை பூசினேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை; உங்களிடம்தான் சொல்கிறேன்.

என் வேலை இதுதான். கம்பங்களுக்கிடையே தொய்ந்து கிடக்கும் மின்கம்பி, காற்று ஒரே பக்கமாய் விடாமல் தள்ளினால் மேலும் கீழுமாய்த் துள்ளும். பக்கத்துக் கம்பியில் மோதும், அறுந்தும் விழும். தாமிரபரணிப் படுகையில் எங்கெங்கே அந்த ஆபத்து என்று நேரில் பார்த்து வரைபடத்தில் வண்ணம் பூச வேண்டும். சிவப்பு என்றால் நடுவில் இன்னொரு கம்பம் நட்டுக் கம்பியை இழுத்துக் கட்டுவார்கள். பச்சை என்றால் எவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பார்க்க ஏற்ற காலம் மேல்காற்று வீசும் ஆனியும் ஆடியும். உங்களுக்குத் தெரியாததா... அந்தக் காற்று எழும்பினால் குற்றாலத்தில் சாரல்! கங்கைகொண்டானில் ஒழுங்காகத்தான் அளந்தேன். மிச்சம் களக்காடு மட்டும். கூட்டாளிகள் குற்றாலம் போக வண்டியோடு வந்து நின்றார்கள். ஒரு நாள்தானே என்று ஏறிவிட்டேன்.

அருவிக்கரையில் உடம்பெல்லாம் எண்ணெயோடு நின்றபோது போன் அடித்தது. ஞானமுத்து அண்ணாச்சி. களக்காட்டில் வாழை போட்டிருப்பவர். அவர் வயலுக்கு மேலேதான் கம்பி போகிறது. அன்றைக்கு வருவதாக நானே சொல்லியிருந்தேன்.

"சார், கம்பி கெடந்து குதிக்குது. எப்ப வாரீய?"

"காலையிலேயே வந்துட்டேன் அண்ணாச்சி. ரோட்டுல நின்னே பாத்தாச்சு. சாதாரண ஆட்டம்தான், பயப்படாதீங்க."

"அடடா, தெரியாமப் போச்சே! ஒரு எளநி வெட்டித் தந்திருப்பேனே..."

எனக்கு அப்போதாவது உறைத்ததா? "ஏலே, போனை வச்சுட்டு வாலே!" என்று கூட்டாளி கத்தினான். போய் அருவியில் தலையைக் கொடுத்து நின்றேன். ஊர் திரும்பியதும் கங்கைகொண்டான் அளவுகளையே அங்கங்கே மாற்றிக் களக்காட்டுக்கு எழுதினேன். வெட்கங்கெட்டவன்!

அடுத்த ஆடியில் கம்பி அறுந்தது. பயப்படாதீர்கள் என்று நான் சொன்னதை நம்பி, அவர் அந்தக் காற்றிலும் கம்பிக்குக் கீழே நின்று வாழைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். உயிர் தப்பியது. வலது கை முழங்கையோடு போயிற்று.

எல்லாவற்றையும் கொட்டிவிடத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கர்த்தர் சாட்சி... அதற்குத்தான் போனேன்! அவர் முந்திக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன் சார். நீங்க பாத்த நேரம் கம்பி சாதாரணமாத்தான ஆடுச்சு?"

வாயைத் திறந்தேன்... "ஆமா அண்ணாச்சி."

"அப்பம் சரி. ஆளே வரலைன்னு ஊருல சொல்லுதாவ. நான்தான் சண்டை போட்டேன். அந்தப் பிள்ளை பொய் சொல்லாதுன்னு."

ஏன் அப்போதும் மறைத்தேன்? வேலை போய்விடும் என்ற பயமா? அப்படித்தான் வெகுநாள் நினைத்திருந்தேன். இல்லை... அந்த மனிதர் என்னை நம்பியது எனக்குப் பிடித்திருந்தது. அது இன்னும் கேவலம்! இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

அன்று அவர், எனக்குப் பழம் உரித்துக் கொடுக்கும்படி மனைவியிடம் சொன்னார். அந்த அம்மா ஆரஞ்சுச் சுளைகளை என் கையில் வைத்தார்கள். தின்றேன்... அண்ணாச்சி முகத்தைப் பார்த்துக்கொண்டே அத்தனையையும் தின்றேன்!