மழைக்கட்டிலிருந்து ஒரு படம்

சேலத்துத் தினசரி ஒன்றில் பன்னிரண்டு வருஷம் கார்ட்டூன் போட்டேன். பிழைப்பு அதுவல்ல. ஏற்காட்டில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் வேலை. சாயங்கால ரேடியோச் செய்தியைக் கேட்டுவிட்டு ஒரு படம் வரைவேன். மறுநாள் முதல் பஸ் கண்டக்டரிடம் உறையைக் கொடுத்தால் சேலம் பஸ் ஸ்டாண்டில் ஆபீஸ் ஆள் வந்து வாங்கிக்கொள்வார். அதற்கும் மறுநாள் பேப்பரில் வரும். ஆக, என் நகைச்சுவை எப்போதும் இரண்டு நாள் பழசு.

முதல் இரண்டு வருஷம் ஆசையாகத்தான் இருந்தது. அப்புறம் சலித்துவிட்டது. தண்ணீர் வராத குழாய், தார் பார்க்காத ரோடு, தேர்தலுக்குத் தேர்தல் கும்பிடு போட வரும் வெள்ளை வேட்டி. சுற்றிச் சுற்றி உள்ளூர் அரசியல் இவ்வளவுதான். நான் கிண்டல் செய்த ஒருவராவது கோபித்துக்கொண்டால் கொஞ்சம் உற்சாகமாக இருந்திருக்கும். ஒரு பெரிய மனிதர் தன் படத்தைக் கேட்டு வாங்கிக் கண்ணாடி போட்டு ஆபீசில் மாட்டிக்கொண்டார். ரோடு அப்படியேதான் கிடந்தது. ஈரோட்டோடு கிரிக்கெட் என்றால் ஜெயித்ததற்கு ஒன்று, தோற்றதற்கு ஒன்று என்று இரண்டு படம் முன்கூட்டியே போய்விடும். பெரும்பாலும் தோற்ற படம்தான் அச்சேறும்.

வாசகர்களுக்குப் பிடித்தது சேலமும் ஏற்காடும் போட்டுக்கொள்ளும் சண்டை. சேலத்துக்காரர் துண்டால் விசிறிக்கொண்டு வேர்த்து வழிவார். ஏற்காட்டுக்காரர் குரங்குக் குல்லாவும் கம்பளியுமாக நின்று அவரைச் சீண்டுவார். குல்லாக்காரருக்கு நான் எடுத்துக்கொண்ட முகம், பக்கத்துக் கிராமமான தலைச்சோலையில் கொஞ்சம் காப்பியும் ஆரஞ்சும் வைத்திருந்த ஒரு விவசாயியுடையது. நீள மூக்கு, மேலேறிய புருவம். நாலு கோடு இழுத்தால் ஆள் வந்துவிடுவார். அவருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. வந்த படங்களையெல்லாம் கத்தரித்துச் சுவரில் ஒட்டிவைத்திருந்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, இந்த வாரம் நம்ம மூக்கு கொஞ்சம் சிறுத்துப் போச்சுங்களே" என்று குறைப்பட்டுக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் அவர் வீட்டுக்கு நடந்துபோய் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வருவது என் வழக்கம்.

மழைக்காலத்தில் மலை ரோட்டில் மண் சரிந்தால் பஸ் ஓடாது. உறையும் போகாது. அதனால் வருஷாவருஷம் மழை பிடிக்கும் முன்பே, எந்த நாளிலும் போடக்கூடிய பத்துப் படங்களை வரைந்து ஆபீசில் கொடுத்துவைப்பேன். அதற்கு அங்கே மழைக்கட்டு என்று பெயர். உறை வராத நாளில் உதவி ஆசிரியர் அந்தக் கட்டிலிருந்து ஒன்றை உருவிப் போட்டுவிடுவார். பதினோரு வருஷம் அதனால் ஒரு தொந்தரவும் வந்ததில்லை.

பன்னிரண்டாவது வருஷம் ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் ஊற்றியது. கொண்டை ஊசி வளைவுகளில் மூன்று இடத்தில் ரோடு அடைபட்டது. தலைச்சோலையில் மேட்டு மண் இறங்கி அந்த விவசாயியின் வீட்டுப் பின்சுவரைத் தள்ளிவிட்டது. சுவரோரம் சமைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி செத்துப்போனார். மழையிலேயே நடந்து போய் அடக்கத்தில் நின்றேன். ஒரு பிடி மண் போட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

நாலாம் நாள் ரோடு திறந்தது. தங்கிப்போன பேப்பர்கள் ஒரே கட்டாக மேலே வந்தன. டீக்கடையில் வைத்துப் பிரித்தேன். சாவுக்கு மறுநாள் பேப்பரில் என் படம். குல்லாக்காரர் கயிற்றுக்கட்டிலில் சாய்ந்துகொண்டு மழையை ரசிக்கிறார். எதிரே காலிக் குடத்தோடு சேலத்துக்காரர். "எங்களுக்கு மழை நொம்ப மிச்சமுங்க, கொஞ்சம் கட்டிக் குடுத்தனுப்பட்டுங்களா?" என்று கேள்வி வேறு. உதவி ஆசிரியரைச் சொல்லிக் குற்றமில்லை. மழைச் செய்திக்கு மழைப் படமாகப் பார்த்து எடுத்திருக்கிறார். டெலிபோன் கம்பி அறுந்து கிடந்ததால் மேலே ஒரு சாவு விழுந்தது அவருக்குத் தெரியாது.

டீக்கடையில் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மழைக்கட்டு என்று ஒன்று இருப்பது ஊரில் யாருக்குத் தெரியும்? செத்த வீட்டுக்காரர் மூஞ்சியை வைத்து வாத்தியார் சிரிப்புக் காட்டுகிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஊர் என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும். அவர் அப்படி நினைத்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

அன்றைக்கே போனேன். அவர் தன் தம்பி வீட்டில் இருந்தார். மடியில் அந்தப் பேப்பர் விரிந்திருந்தது.

"அண்ணா, இது நான் ஆடி மாசமே வரைஞ்சு குடுத்ததுங்க. வெவரம் தெரியாம இப்பப் போட்டுட்டாங்க" என்றேன்.

அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆடியில அவ இருந்தாளுங்களே" என்றார்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "எத்தனையோ படம் போட்டீங்க. எதுலயாச்சும் அவளப் போட்டீங்களா வாத்தியாரே? அவ போட்டோ ஒண்ணுகூட ஊட்டுல இல்லீங்க" என்றார்.

"இல்லீங்கண்ணா."

"அப்ப இப்பப் போட்டுக் குடுங்க."

காகிதமும் பென்சிலும் பையில் இருந்தன. உட்கார்ந்தேன். காப்பித் தம்ளரை நீட்டும் கை நினைவுக்கு வந்தது. அந்தக் கையிலிருந்த பித்தளை வளையல் வந்தது. முகம் வரவில்லை. வரைந்து முடித்துப் பார்த்தால், குழாயடியில் நிற்கும் பொம்பளைகளுக்கெல்லாம் பேப்பரில் நான் போடும் அதே முகம். அழித்தேன். மறுபடி வரைந்தேன். மறுபடியும் அந்தக் குழாயடிப் பொம்பளையேதான் வந்தாள். பன்னிரண்டு வருஷம் ஊரில் உள்ளவர்கள் மூக்கையும் காதையும் பிடித்துப் பெயர் வாங்கிய கை இது. அவமானமாக இருந்தது.

அவர் காகிதத்தை வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது அவ இல்லீங்க" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்கு ஆறுதல் சொல்கிறவராக, "உடுங்க வாத்தியாரே. நீங்க வர்றப்பெல்லாம் அவ அடுப்புக்கிட்டத்தான் இருப்பா. நீங்க எங்கீங்க பாத்திருக்கப் போறீங்க" என்றார்.

அந்த அம்மா ஒவ்வொரு ஞாயிறும் என் எதிரே வந்து நின்றுதான் காப்பி கொடுத்தார். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.