டீச்சரை மேலே தூக்கிக்கொண்டு போன நாள்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வெளிநாட்டிலிருந்து ஒரு டீச்சர் வந்திருந்தார். வெள்ளைக்காரப் பெண். என் கடைசி மகளைவிட வயது குறைவு. கைப்பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற பிள்ளை மடுவத்துக்குப் பக்கத்துக் காம்பராவை வெள்ளையடித்து அவருக்குக் கொடுத்திருந்தார்கள். சமைத்துப் போடுகிற வேலை எனக்கு. கொழுந்து எடுப்பதை விட்ட பிறகு நான் வீட்டில் சும்மாதான் இருந்தேன்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆம்பிளைகள் நிற்கிற இடத்தில் எனக்கு வாயே வராது. டீச்சருக்கும் தமிழ் கொஞ்சம்தான். அதனால் எங்களுக்குள் ஒத்துப்போயிற்று. காலையில் ரொட்டியும் சம்பலும் வைத்தால் கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு, அம்மா" என்பார். சனிக்கிழமைகளில் கினிகத்தேனை டவுனுக்கு பஸ்ஸில் போய், முஸ்லிம் நானா கடையில் ஓட்ஸ் வாங்கி வந்து எனக்கும் கொஞ்சம் கொடுப்பார். அது எனக்குப் பிடிக்கவில்லை என்று கடைசிவரை நான் சொல்லவில்லை.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. பள்ளிக்கூடத்துக்கு ஏறுகிற படிக்கட்டுக்குப் பக்கத்தில் மண்ணைத் தாங்குகிற ஒரு பழைய கல்கட்டு இருக்கிறது. மண் ஊறி அது வயிறு தள்ளி நின்றது. எல்லாரும் பார்த்தோம். எல்லாரும் அதைத் தாண்டித்தான் நடந்தோம். ஒருநாள் காலையில் பிள்ளைகளை மேலே அனுப்பிவிட்டு டீச்சர் கடைசியாக ஏறினார். நான் அவருடைய சாப்பாட்டுப் பெட்டியோடு பின்னால் வந்துகொண்டிருந்தேன். சத்தம் பெரிதாக இல்லை. கற்கள் நாலைந்து சரிந்தன. ஒரு கல் டீச்சரின் இடது முழங்காலில் அடித்து, அவரையும் இழுத்துக்கொண்டு தண்ணீர் ஓடுகிற கானுக்குள் போனது.

தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆம்பிளைகள் ஓடிவந்து கல்லைப் புரட்டினார்கள். முழங்கால் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை, பக்கவாட்டில் போயிருந்தது. ஆனால் ரத்தம் இல்லை. தோல் மட்டும் உரசியிருந்தது. ரத்தம் இல்லாததைப் பார்த்ததும் எங்களுக்கு மூச்சு வந்தது. மூட்டு விலகியிருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்தோம். டீச்சர் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு என் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தார்.

கம்பளியை இரண்டு மூங்கிலில் கட்டி அவரைத் தூக்கினார்கள். அந்த இடத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. கீழே இறங்கினால் பாலம், பாலத்தைத் தாண்டினால் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகிற நோட்டன் பிரிட்ஜ் ரோடு. மேலே ஏறினால் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கு, அங்கேதான் தோட்டத்து டிஸ்பென்சரி. கம்பளியைத் தூக்கிய ஆம்பிளைகள் யாரையும் கேட்காமலே மேலே திரும்பினார்கள். கால்களுக்கு அப்படித்தான் பழக்கம். அடிபட்டவர்களை முதலில் டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே மருந்தையா பார்த்து, துண்டுச் சீட்டு எழுதித் தருவார். அந்தத் துண்டோடுதான் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஒரே ஒரு பையன் மட்டும், கீழே போனால் என்ன என்று கேட்டான். கூட வந்த சங்கத் தலைவர் அவனை ஏசினார்.

"துண்டு இல்லாம போயி அங்க நிப்பாட்டி வச்சா யாரு பதில் சொல்றது? நீயா? வேற நாட்டுப் புள்ளடா இது. முறையா செய்யணும்."

அவர் சொன்னது எங்கள் எல்லாருக்கும் சரியாகவே பட்டது. எனக்கும்தான். என் தலைப்பிள்ளை வயிற்றில் இருந்தபோது வலி கண்டு, துண்டு எடுக்காமல் பாலத்தடியில் கொழுந்து லொறி நிற்கிற இடத்துக்கு என்னை நடத்திக் கூட்டிப்போனார்கள். துண்டில்லாமல் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் துண்டுக்காக மேலே ஓடித் திரும்பி வருவதற்குள் பிள்ளை ரோட்டோரத்திலேயே பிறந்தது. அழவில்லை. அதெல்லாம் அந்தக் காலம், இப்போது அப்படியில்லை என்கிறார்கள். இருக்கலாம். துண்டு இல்லாமல் போகக்கூடாது என்பது மட்டும் எங்கள் உடம்பில் ஊறிப்போய்விட்டது. டீச்சர் எங்களில் ஒருத்தர் மாதிரி ஆகிவிட்டார் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அன்றைக்கு அவரை எங்களில் ஒருத்தராகவே தூக்கிக்கொண்டு போனோம்.

ஏற்றத்தில் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "வெள்ளக்காரங்கள தூக்குற வேல எங்க பாட்டனோட முடிஞ்சிருச்சின்னுல நெனச்சேன்" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். டீச்சர் என்னைப் பார்த்தார், என்ன சொன்னார் என்று கேட்கிற மாதிரி. நான் ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினேன். அவரும் கொஞ்சம் சிரித்தார்.

டிஸ்பென்சரி பூட்டியிருந்தது. மருந்தையா ஒருவரே பக்கத்துத் தோட்டத்தையும் பார்க்கிறார், அன்றைக்கு அங்கே போயிருந்தார். அவரைக் கூட்டிவர ஆள் ஓடியது. நாங்கள் விறாந்தையில் டீச்சரை இறக்கிவைத்துக் காத்திருந்தோம். யாரோ சீனி போட்டுச் சாயத் தேத்தண்ணி கொண்டுவந்தார்கள். மழை சாரல் அடித்தது. அங்கே போனுக்கு சிக்னல் கிடையாது.

நான் டீச்சரின் காலடியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினேன். பாதம் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. வெள்ளைக்காரர்கள் கால் அப்படித்தான் இருக்குமோ என்று மற்றப் பாதத்தையும் பார்த்தேன். அது சிவப்பாக, சூடாக இருந்தது. இடது பாதம் மட்டும் கானில் கிடக்கிற கல்லைப்போல இருந்தது. மழையில் நனைந்த குளிர் என்று நினைத்து இரண்டு கையாலும் தேய்த்தேன்.

"அம்மா, நீங்க தொடுறது எனக்குத் தெரியல" என்றார் டீச்சர்.

இன்னும் பலமாகத் தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் விரல்கள் நீலம் பாரிக்கத் தொடங்கின. டீச்சர் எழும்பி அதைப் பார்க்கப் பார்த்தார். நான் முந்தானையால் பாதத்தை மூடிவிட்டேன்.

மருந்தையா மோட்டார் சைக்கிளில் நனைந்துகொண்டு வந்தார். முந்தானையை விலக்கிப் பாதத்தைத் தொட்டார். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தார். அப்புறம் எழுந்து எங்களைப் பார்த்தார். நல்ல மனுஷன், எங்களிடம் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"இவங்களுக்கு எதுக்குங்க துண்டு?"

தலைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"யாரா இருந்தாலும் இந்தக் காலுக்குத் துண்டு வேணாம். கீழ எறங்கியிருக்கணும். ரத்த ஓட்டம் நின்னுபோச்சு. தூக்குங்க."

வந்த பாதையிலேயே இறங்கினோம். இப்போது யாரும் பகிடி பேசவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கீழே தலைமை ஆசிரியரான பெரிய சேர் குடையைக் கூடப் பிடிக்காமல் நின்றிருந்தார். கல் விழுந்த உடனேயே அவர் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணியிருக்கிறார். அது பாலத்தடிக்கு வந்து, அடிபட்டவர் இல்லாமல் காத்திருந்து காத்திருந்து, வேறொரு நோயாளிக்காகப் போய்விட்டது. எங்களைத் தேடி அவர் அனுப்பிய ஆள் பெரிய பாதையில் ஏறும்போது நாங்கள் கொழுந்து மலைக்குள்ளே குறுக்குப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறோம். ஆம்புலன்ஸ் மறுபடி வரும்வரை டீச்சரை ரோட்டோரத்தில் வைத்துக்கொண்டு நின்றோம். லொறி நின்ற அந்த இடத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதில்லை, கண்ணை மூடினாலும் எனக்கு அது தெரியும்.

டவுன் ஆஸ்பத்திரியில் எதுவும் கேட்கவில்லை. துண்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. பார்த்த உடனே கண்டிக்கு அனுப்பினார்கள். கண்டியில் காலைக் காப்பாற்றப் பார்த்தார்களாம். முடியவில்லை. முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

ஊர் ஆட்கள் ஒரு வேன் பிடித்துப் பார்க்கப் போனார்கள். நானும் போனேன். டீச்சருடைய அம்மா அவருடைய நாட்டிலிருந்து வந்திருந்தார். உயரமான அம்மா, தலைமுடி முழுக்க நரை. கட்டிலுக்குப் பக்கத்தில் நேராக உட்கார்ந்திருந்தார். தலைவர் பழப்பையை வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். நான் மட்டும் நின்றேன்.

அந்த அம்மா ஒரு நர்ஸைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். நர்ஸ் தமிழில் கேட்டாள். ரோடு கீழே இருந்ததாமே, ஏன் மேலே கொண்டுபோனீர்கள் என்று கேட்கிறார்கள் என்றாள்.

"துண்டு எடுக்கத்தான்" என்றேன்.

"என்ன துண்டு?"

தோட்டத்துத் துண்டு என்று சொன்னேன். அதில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டோம் என்று சொன்னேன். நர்ஸுக்கு விளங்கவில்லை. இப்போது அப்படியொன்றும் இல்லையே அம்மா, யார் வேண்டுமானாலும் வரலாமே என்றாள். லொறி நின்ற இடத்தையும், என் வீட்டுக்காரர் ஓடின ஓட்டத்தையும் எந்த முனையிலிருந்து எடுத்துச் சொல்வது? நர்ஸ் அந்த அம்மாவிடம் இங்கிலீஷில் ஒரு சின்ன வசனம் சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்திருந்தேன். போர்வை ஒரு பக்கம் மட்டும் தட்டையாகக் கிடந்தது. அவர் கண்ணைத் திறக்காமலே மெதுவாகக் கேட்டார்.

"துண்டு கிடைச்சுதா, அம்மா?"

இல்லை டீச்சர், எழுதவே இல்லை என்று சொன்னேன்.

அவர் தலையை மட்டும் கொஞ்சம் அசைத்தார். பிறகு மருந்து கட்ட வேண்டும் என்று நர்ஸ் எங்களை வெளியே போகச் சொன்னாள்.