பரணில் வைத்த டிஸ்க்

நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி. ஜவ்வாது மலையில் பிறந்து வளர்ந்தும், பஸ் வளைவில் திரும்பினால் இன்றைக்கும் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்கிற ஆள். புளி உலுக்கப் போன தம்பி மரத்திலிருந்து விழுந்துவிட்டான் என்று போன் வந்தபோது வாணியம்பாடித் தோல் கம்பெனியில் இருந்தேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நல்லவேளை, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது கைதான் முறிந்திருந்தது. எலும்பு கூடிய பிறகும் விரல்கள் மடங்க மறுத்தன. "தினமும் பழக்கணும். விட்டுட்டா விரல் அப்படியே இறுகிடும்" என்றார் டாக்டர். அந்தப் பயம் என் வயிற்றிலேயே தங்கிவிட்டது.

பிசைவதற்கு ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த ஆளிடம் பந்தைக் கொடுத்தால் என்ன செய்வான்? இரண்டு நாள் பிசைந்துவிட்டுக் கூரைமேல் வீசினான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன் சாப்பிடக்கூட எழவில்லை. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு வந்தபோது என் அறையில் தங்கினான். அங்கே நண்பனுடைய கேம் மெஷினில் கார் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. சும்மா கையில் வாங்கினான். கட்டைவிரல் இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை பட்டனை அமுக்கிவிட்டது. பந்துக்கு மடங்காத விரல் இதற்கு மடங்கியது.

மறுநாளே பழைய மெஷின்கள் விற்கிற பாய் கடைக்கு ஓடினேன். மலிவாக இருக்கிறதே என்று ஒன்றை எடுத்தேன். பாய் தடுத்தார்.

"அது டிஸ்க் போடாத மாடல்பா. எல்லாத்தையும் நெட்லதான் இறக்கணும். உங்க மலைல நெட் கீதா?"

எங்கள் ஊரில் வளைவுப் பாறைமேல் ஏறி நின்றால் போன் பேசலாம். அவ்வளவுதான். டிஸ்க் போடுகிற மாடலையே வாங்கினேன். அதிலும் ஒரு வில்லங்கம் இருந்தது. புது கேம் ஒன்றின் விலைக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு மாத அரிசி வாங்கலாம். அப்படிக் கொட்டிக் கொடுத்து வாங்கினாலும் பாதி பெட்டிகளில் டிஸ்க்கில் கொஞ்சம்தான் இருக்குமாம், மிச்சம் நெட்டில் வருமாம். சிலதில் டிஸ்க்கே இருக்காது, ஒரு நம்பர் அச்சடித்த அட்டை மட்டும்தான்.

"எவ்ளோ பெரிய டிஸ்க் வந்தாலும் கேம் அதவிடப் பெருசாய்டுதுபா. இனிமே வர்ற மெஷின்ல டிஸ்க் போட்ற வழியே இருக்காதுன்னு பேசிக்கிறாங்க" என்றார். பிறகு உள்ளே போய்த் தேடி ஒரு பழைய கார் பந்தய டிஸ்க் கொண்டுவந்தார். "இதுல முழுசா கீது. பத்திரமா வச்சிக்க. இந்த மாதிரி இன்னொண்ணு கேட்டு வராத, எங்கிட்ட இல்ல."

அந்த ஒரு டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் மலையேறினேன். வீட்டில் அம்மாவுக்கும் தம்பிக்கும் படித்துப் படித்துச் சொன்னேன். கீறல் விழக்கூடாது, ஈரம் படக்கூடாது, இது போனால் வேறு கிடையாது. அம்மா பயபக்தியோடு கேட்டுக்கொண்டாள்.

தம்பி விளையாட ஆரம்பித்தான். கட்டைவிரல் வந்தது, பிறகு ஆள்காட்டி விரல் அசைந்தது. அம்மா பாறைமேல் ஏறி எனக்குப் போன் போட்டுச் சொல்வாள். மழையில் கரண்ட் போய்ச் சில நாள் வரவே இல்லை. அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை, விரல் இறுகிவிடுமோ என்று. கரண்ட் வந்ததும் அம்மா கூப்பிட்டாள். "திரும்ப ஆரம்பிச்சிட்டான்டா. டொக்கு டொக்குனு எந்நேரமும் அமுக்கினே கீறான். எனக்குத் தல நோவுதுன்னு கார் சத்தத்தக்கூட நிறுத்திட்டான், பாவம்." எனக்குப் பாதி உயிர் திரும்பியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். தம்பி குளிக்கப் போயிருந்தான். டிஸ்க் எப்படி இருக்கிறதென்று பெட்டியைத் திறந்தேன். புகை வாசனை அடித்தது. டிஸ்க்கின்மேல் மஞ்சளாகப் படலம். வேட்டி நுனியால் துடைத்தேன், பளபளப்பு வந்தது. ஆனால் ஓரம் அப்பளம் மாதிரி தூக்கியிருந்தது.

"கரண்ட் இல்லாதப்ப அடுப்புக்கு மேல பரண்ல வச்சிருந்தேன்டா, விதச் சாம பக்கத்துலயே. ஒரு பொட்டு ஈரம் அண்டல" என்றாள் அம்மா, முகமெல்லாம் பெருமையாக.

எங்கள் வீடுகளில் விதைச் சாமையைவிட அருமையான பொருள் கிடையாது. பூச்சியும் ஈரமும் அண்டாமல் அதை அடுப்புப் புகையில்தான் காப்பாற்றுவோம். அம்மா டிஸ்க்கையும் அந்த இடத்துக்கு உயர்த்திவிட்டாள். "நல்லதும்மா" என்றேன். அவள் உலை வைக்கப் போனாள்.

டிஸ்க்கை மெஷினுக்குள் தள்ளினேன். கரகரவென்று சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே துப்பியது. டிஸ்க்கைப் போடு என்று திரையில் ஆங்கிலத்தில் எழுத்து வந்தது. திரும்பத் தள்ளினேன், திரும்பத் துப்பியது. அவன் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டால்? கீழே போய் எந்தக் கடையில் தேடுவேன்?

"அது ஓடாதுண்ணா."

தம்பி ஈரத்தலையோடு வாசற்படியில் நின்றிருந்தான். "கரண்ட் வந்த அன்னிக்கே பாத்துட்டேன். அம்மாகிட்ட சொல்லிடாத, தாங்காது. உன்கிட்டயும் சொல்ல பயமா இருந்துச்சு, நீ வேலைய வுட்டுட்டு ஓடியாந்துடுவ."

"அப்ப தினம் இன்னாத்தடா அமுக்கின?"

"இதத்தான்" என்று திரையைக் காட்டினான். "டிஸ்க்கப் போடு, டிஸ்க்கப் போடுன்னு அது கேட்டுனே இருக்கும். நான் அமுக்கினே இருப்பேன். நிறுத்திட்டா அம்மா இன்னா ஆச்சுன்னு வந்து பாக்கும்ல."

என் பக்கத்தில் உட்கார்ந்து, கேம் ரிமோட்டை வலது கையில் எடுத்து அமுக்கத் தொடங்கினான். திரையில் எழுத்து அசையாமல் நின்றது. எனக்கு அழக்கூடப் பயமாக இருந்தது, அம்மா வந்துவிடுவாளே.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "இன்னாடா, அண்ணன் வந்த நேரம், இன்னிக்காவது ஜெயிச்சியா?"

"ஜெயிச்சிட்டேம்மா" என்றான்.