கனடா நேரத்துக்குக் காத்திருந்த பிரேதம்

இன்று மடத்துவெளியில் பக்கத்து வீட்டுப் பெரியவரின் செத்த வீடு. காலை பத்து மணிக்குப் பிரேதம் எடுப்பதாக இருந்தது.

கனடாவில் இருக்கும் அவருடைய மகன் எனக்குப் போன் எடுத்தான். "அண்ணை, வேலை முடிஞ்ச உடனை நேரலையிலை வாறன். அதுமட்டும் எடுக்க வேண்டாம்."

காத்திருந்தோம். பந்தலுக்குள் வெயில் இறங்கியது. "ராகுகாலம் தொடங்கப்போகுது தம்பி" என்றார் கிரியை செய்ய வந்த குருக்கள். நான் என்ன செய்ய? மாமி தன் கணவரின் முகத்தில் இலையான் மொய்க்காமல் விசிறிக்கொண்டே இருந்தார்.

பன்னிரண்டரைக்கு மகனின் பெயர் நேரலைத் திரையில் வந்தது. நேரலை எடுத்த வீடியோக்காரர் தொடங்கலாம் என்று கையைக் காட்டினார். அதற்குப் பிறகுதான் மாமியை வாய்க்கரிசி போட விட்டோம். "என்ரை ராசா, என்னைத் தனிய விட்டிட்டுப் போறியளே" என்று அவர் குழறக் குழறத் தூக்கினோம்.

பின்னேரம் மகன் திரும்ப எடுத்தான்.

"நேரலைக்குள்ளை வந்த உடனை போனைக் கையிலை வைச்சபடி நித்திரையாப் போனன் அண்ணை. இப்பதான் வீடியோ பாத்தனான். அடுத்த வேலைக்கு வெளிக்கிட வேணும், அதாலை ரெண்டு மடங்கு வேகத்திலை ஓடவிட்டனான். எல்லாம் வடிவாச் செய்திருக்கிறியள்."

"ஓம்" என்றேன்.

அந்த வேகத்தில் மாமி குழறினது எப்படிக் கேட்டிருக்கும்? இப்படிச் செத்த வீடு பார்த்த அனுபவம் உள்ளவர்கள் கீழே சொல்லுங்கள்.