தானே ஓடும் வீடியோ

நல்லம்பள்ளியில் வீடியோ கடை வைத்திருக்கும் நிர்மலாதேவி கெட்டிக்காரி. விசேஷங்களுக்குக் கம்ப்யூட்டரும் பெரிய டிவியும் வாடகைக்கு விடுவாள். கரண்ட் போய் வந்தாலும் கம்ப்யூட்டர் தானே ஆன் ஆகி, வீடியோவும் தானே ஓடும்படி செட்டிங் செய்து வைத்திருந்தாள்.

அன்று கல்யாண மண்டபத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் டிவியில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தாலி கட்டும் நேரம். நிர்மலாதேவி அட்சதையைக் கையில் வாங்கியபோது கரண்ட் போனது. அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. கல்யாண வீடியோவை அவள் கையால்தான் ஓடவிட்டிருந்தாள். தானே ஓடுவதற்கு வைத்திருந்தது, முந்தாநாள் ஒரு பெரியவரின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போட்ட ‘கண்ணீர் அஞ்சலி’. அதை எடுக்க மறந்தே போயிருந்தாள், பாவி.

அட்சதையைக் கீழே போட்டுவிட்டு மேடைக்கு ஓடினாள். கால் மிதிபட்டவர்கள் வைதார்கள். ஜெனரேட்டர் உறுமியது. கம்ப்யூட்டர் உயிர்பெற்று, டிவியில் முதலில் ஒரு விளக்கு எரிந்தது. அடுத்து வருவது மாலை போட்ட பெரியவர். பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

“ஏம்மா, எதுக்குப் புடுங்குன?” பெண்ணின் தாய்மாமன் பிளக்கை வாங்கக் கை நீட்டினார்.

“தொடாதீங்க, ஷாக் அடிக்குதுங்க!”

அவள் கை வெடவெடவென்று நடுங்கியதைப் பார்த்து மண்டபமே நம்பியது.